‘எக்சர்சைஸ் பண்ணுங்க’ என்றால் எவ்வளவு?

மூட்டு வலியோடு வருபவருக்கு மாத்திரை எழுதும்போது மில்லிகிராம், வேளை, நாள் எல்லாம் எழுதுகிறோம். பயிற்சி என்று வந்தால் மட்டும் ‘எக்சர்சைஸ் பண்ணுங்க’ என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அளவில்லாத மருந்தால் என்ன பயன்?

பயிற்சிக்கு அளவு வைத்த முன்னோடிகளில் ஒருவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களின் கால்கள் மாதக்கணக்கில் வலுவில்லாமல் கிடந்தன. லேசான எடையைப் பல தடவை தூக்கவைப்பதுதான் அன்றைய வழக்கம். அவர் கனமான எடையைக் குறைந்த தடவை தூக்கவைத்து, பலனை 1945-ல் வெளியிட்டார். 1948-ல் ஆர்தர் வாட்கின்ஸ் என்ற மருத்துவருடன் சேர்ந்து அந்த முறையைச் சுருக்கினார். 10 தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று பார்க்க வேண்டும். ஒரு சுற்று என்றால் 10 தடவை. முதல் சுற்றுக்கு அந்த எடையில் பாதி, அடுத்ததற்கு முக்கால், மூன்றாவதற்கு முழு எடை. வலு கூடினால் எடையும் கூட வேண்டும். பழகிப்போன சுமை உடலை மேலும் வலுவாக்காது.

சரி, எவ்வளவு சீக்கிரம் கூட்டலாம்? முதல் சில வாரங்களில் கிடைக்கும் வலு பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகியதால் வருவது. தசை பருக்க இன்னும் சில வாரங்கள், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் உறுதிப்பட மாதங்கள். எலும்பில் ஓரிடம் கரைந்து புதிதாக உருவாகி முடிய 3 மாதத்துக்கு மேல் ஆகும். நோயாளிக்கோ மூன்றாவது வாரமே தெம்பு வந்துவிடும். அதை நம்பிச் சுமையை ஏற்றினால் தசைநாணும் எலும்பும்தான் அடிவாங்கும்.

வீங்கிய முழங்காலின் கதை வேறு. மூட்டுக்குள் நீர் கோத்தால், வலியே இல்லாவிட்டாலும், தண்டுவட அனிச்சைச் செயல் முன்தொடைத் தசையை அடக்கிவிடும். அப்படிப்பட்டவரைப் பார்த்து ‘நீங்கள் முயற்சியே செய்வதில்லை’ என்பது பெரிய அநியாயம். முதலில் வீக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

பயிற்சியின்போது தாங்கக்கூடிய வலி வந்து, மறுநாளுக்குள் அடங்கினால் பொதுவாக அளவு சரி. அடங்காவிட்டால் அளவைக் குறைக்கலாம். முழுதாக நிறுத்துவது நல்லதல்ல. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போதுதான் மூட்டுக்குள் இயல்பாகவே இருக்கும் நீரிலிருந்து அதற்குச் சத்து நன்றாகப் போய்ச் சேருகிறது.

ஆக, உட்கார்ந்து எழச் சிரமப்படும் ஒருவரின் சீட்டில் இப்படி எழுதலாம்: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், 10 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமாக 12 தடவை வந்தால் கையில் எடை. வீக்கம் கூடினால் 2 சுற்று. 4 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.