டெல்லி – டோக்கியோ: டிக்கெட் மறைக்கும் காற்று

டெல்லியில் இரவு 8 மணிக்குக் கிளம்பும் விமானம் காலை 7 மணிக்கு டோக்கியோவில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பும்போது காலை 11 மணிக்கு ஏறினால் மாலை 5 மணிக்கு டெல்லி. போக 11 மணி நேரம், வர 6 மணி நேரம் என்றுதான் டிக்கெட்டைப் பார்த்தால் தோன்றும். உண்மை நேர்மாறு. டோக்கியோவின் கடிகாரம் இந்திய நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் போவதற்கு ஏழரை மணி நேரம். திரும்பும்போது அதையே கூட்டினால் ஒன்பதரை.

ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு மணி நேர வித்தியாசம்? விமானம் பறக்கும் 10, 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு போல ஓடுகிறது. இதுதான் ஜெட் ஸ்ட்ரீம். வடக்கே உள்ள குளிர்காற்றுக்கும் தெற்கே உள்ள வெப்பக்காற்றுக்கும் இடையிலான வித்தியாசம் இதை உருவாக்குகிறது. பூமியின் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுகிறது. குளிர்காலத்தில் சைபீரியக் குளிர் இறங்கிவரும் ஜப்பான் பக்கம் இதன் வேகம் சில நாட்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும்.

போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது ஏற்படும் நஷ்டமும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 6,000 கி.மீ. தூரம், விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் வேகம் 150 என்று கொள்ளுங்கள். போகும்போது காற்றும் சேர்ந்து தரையைக் கடக்கும் வேகம் 1,050. 5 மணி 43 நிமிடம். வரும்போது 750, முழுதாக 8 மணி நேரம். காற்றே இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து 13 மணி 20 நிமிடத்தில் முடிந்திருக்கும். இப்போது 23 நிமிடம் கூடுதல். எதிர்காற்றில் அதிக நேரம் இருக்க வேண்டியிருப்பதுதான் காரணம்.

தூரமும் லேசுப்பட்டதல்ல. உருண்டையின் மேல் மிகக் குறுகிய கோடு இழுத்தால் சுமார் 5,850 கி.மீ. ஆனால் அந்தக் கோடு இமயத்தையும் திபெத்தையும் கடக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று போய்விட்டால் முகமூடி இல்லாமல் மூச்சுவிடக்கூடிய சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும். திபெத்தில் தரையே சராசரியாக 4,500 மீட்டர்! பயணிகளின் முகமூடிக்கு வரும் ஆக்ஸிஜனும் பெரும்பாலும் கால் மணி நேரம், இருபது நிமிடம்தான். அதனால் பொதுவாகத் தெற்கே சுற்றித்தான் போகிறார்கள்.

இந்தக் காற்றை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலையாளர் ஓயிஷி வாசாபுரோ. 1920களில் டதேனோ ஆய்வு நிலையத்திலிருந்து பலூன்களை ஏற்றி, அவை போகும் போக்கைக் கருவி வழியே பின்தொடர்ந்து கணக்கிட்டார். பிற நாட்டாரும் படிக்கட்டும் என்று 1926இல் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் எழுதினார். அந்த மொழி தெரிந்தவர்களோ சொற்பம். 1944 இறுதியில் டோக்கியோ மேல் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானிகளுக்கு இந்தக் காற்று எதிர்பாராததாக இருந்தது; இதனால் பல குண்டுகள் இலக்கு தவறின.