"எதுவும் சாப்பிடவில்லையே டாக்டர்!"

வாந்தி எடுக்கும் பூனையோடு வருகிறவர்களிடம் முன்பெல்லாம் நான் முதலில் கேட்டது, "ஏதாவது தின்றுவிட்டதா?" என்றுதான். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இல்லையே டாக்டர், வழக்கமான சாப்பாடுதான்." அவர்கள் பொய் சொல்வதில்லை. என் கேள்விதான் தப்பு என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். வீட்டில் யாராவது கம்பளி பின்னுகிறீர்களா? இந்த வாரம் கேக் செய்தீர்களா? பூங்கொத்து ஏதும் வந்ததா? வாந்திக்கும் பூங்கொத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்கள். பரவாயில்லை.

ஒரு பாட்டி தன் பூனையைக் கொண்டுவந்தார். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, நாலைந்து முறை வாந்தி, கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. "அம்மா, பின்னல் வேலை செய்வீங்களா?" என்றேன். "பேத்திக்கு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருக்கேன். ஆனா நூல்கண்டை எல்லாம் பெட்டியில பூட்டித்தான் வைக்கிறேன் டாக்டர்" என்றார். பூனையின் வாயைத் திறந்து, தாடைக்குக் கீழே கட்டைவிரலை வைத்து மேல்நோக்கி அழுத்தினால் நாக்கு தூக்கிக்கொடுக்கும். அப்படித் தூக்கிப் பார்த்தேன். நாக்கின் அடியில், நடுக்கோட்டில், சதைக்குள் பதிந்தாற்போல் ஒரு மெல்லிய பச்சைக் கோடு. பாட்டி கைப்பையிலிருந்து பாதி பின்னிய ஸ்வெட்டரை எடுத்தார். அதே பச்சை. நூல்கண்டு பத்திரமாகத்தான் இருந்தது. பின்னி முடித்த வரிசையின் ஓரத்தில் கத்தரித்துப் போட்ட முனைதான் உள்ளே போயிருந்தது.

என்னிடம் வரும் விபத்துகளில் பலவும் இப்படித்தான். பொருளை எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்கள். கத்தரித்த முனை, மாவு ஒட்டிய கிண்ணம், மேசையில் உதிர்ந்த மகரந்தம் என்று வேலை முடிந்தபின் மிஞ்சுவதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அதனால்தான் "எதுவும் சாப்பிடவில்லை" என்று மனசாரச் சொல்ல முடிகிறது.

நூல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூனையின் நாக்கு சொரசொரப்பாக இருப்பதற்குக் காரணம், அதில் இருக்கும் சின்னச் சின்ன முட்கள். அவை எல்லாம் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. முடியை நீவிச் சுத்தம் செய்ய அருமையான சீப்பு அது. ஆனால் அதில் ஒரு நூல் மாட்டினால் துப்ப முடியாது, உள்ளே தள்ளத்தான் முடியும். பூனை ஆசைப்பட்டு விழுங்குவதில்லை, வேறு வழியில்லாமல் விழுங்குகிறது. தையல் நூலோடு ஊசியும் போவது இதனால்தான். நூல் முதலில் போகும், ஊசி பின்னாலேயே போகும்.

போன நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ, இரைப்பை குடலோடு சேரும் இடத்திலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் தன் வழக்கப்படி அதைக் கீழே தள்ளப் பார்க்கும். மேல்முனை பிடித்துக்கொண்டிருப்பதால் நூல் நகராது. குடல்தான் நூலின்மேல் ஏறும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் துணி மடிப்பு மடிப்பாகக் கூடிவருமே, அப்படி. ஒவ்வொரு அசைவிலும் விறைத்த நூல் அந்த மடிப்புகளின் உள்பக்கத்தை ரம்பம்போல் அறுக்கும். ஓட்டை விழுந்துவிட்டால் குடலில் இருப்பது வயிற்றறைக்குள் கசிந்து சீழ் பிடிக்கும். அதற்குப் பிறகு கதையே வேறு.

ஆகவே வாயிலோ மலவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். கொஞ்சம்தானே தெரிகிறது என்று தோன்றும். தெரியாத பகுதி எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எண்ணெய் புகட்டி வழுக்கி வரவைப்பதும் வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். எக்ஸ்ரேயில் கம்பளி நூல் தெரியாது. ஒரு பக்கமாகச் சுருண்டு கூடிய குடலும், அதன் நடுவே கண்ணீர்த்துளி வடிவில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களும்தான் எங்களுக்குத் துப்பு. அறுவை சிகிச்சையிலும் ஒரே இடத்தில் திறந்து உருவிவிட முடியாது, குடல் கிழிந்துவிடும். முதலில் மாட்டியிருக்கும் முனையை விடுவித்துவிட்டு, பல சமயம் இரண்டு மூன்று இடங்களில் குடலைத் திறந்து, துண்டு துண்டாக எடுக்கிறோம். ஓட்டை விழுவதற்கு முன்பே வந்துவிட்டால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன. பாட்டியின் பூனையும் பிழைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. என் கிளினிக்கின் காத்திருப்பு அறையிலேயே, நூல்கண்டோடு விளையாடும் பூனைக்குட்டி படம் போட்ட காலண்டர் ஒன்று ரொம்ப நாள் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அறுவை சிகிச்சை முடிந்த சாயங்காலம்தான் அதைக் கழற்றினேன்.

நாய் வைத்திருப்பவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். நாய் முனையை விட்டுவிட்டு முழு உருண்டையையும் விழுங்கும். தவிர, அது சமையலறைப் பிராணி.

கேக் செய்யும் வீடுகளில் சாக்லேட் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். எந்தச் சாக்லேட், எவ்வளவு என்பதில்தான் குழப்பம். நஞ்சு அதிலுள்ள தியோபுரோமின். பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம்தான் இருக்கும். கேக்குக்குப் போடும் கோகோ பவுடரில் கிராமுக்கு 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்டு. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தியும் பரபரப்பும் தொடங்கலாம். 40ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், 60 அளவில் வலிப்பு வரும். 5 கிலோ நாய்க்கு 10 கிராம் கோகோவே இதயத்தைத் தொடும் அளவு. இரண்டு மேசைக்கரண்டியில் அவ்வளவு வந்துவிடும். நாயின் உடலிலிருந்து அதில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். சிறுநீர்ப்பையில் தேங்கினால் அங்கிருந்து மறுபடியும் ரத்தத்தில் ஏறும் என்பதால், அப்படிப்பட்ட நாய்களை ராத்திரி முழுக்க அடிக்கடி சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போகிறோம்.

உலர்திராட்சை இன்னும் மோசம், ஏனென்றால் அதற்குக் கணக்கே கிடையாது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் சும்மா இருக்கும், இன்னொன்றுக்குச் சில பழங்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கும். ஏன் என்பது பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது. வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகப் பாதிப்பு வந்ததைக் கவனித்த அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள், இரண்டுக்கும் பொதுவாக இருப்பது டார்டாரிக் அமிலம் என்று 2021இல் சுட்டிக்காட்டினார்கள். அந்த மாவில் சேர்த்திருந்தது கிரீம் ஆஃப் டார்டார். முட்டை வெண்கரு நுரைக்க உங்கள் அலமாரியில் ஒரு சின்ன டப்பா இருக்கலாம். அதையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டாலும் நாய்க்கு விஷம். அரை மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரை சரிந்து தள்ளாட ஆரம்பிக்கலாம், அளவு கூடினால் கல்லீரலும் போகும். லேபிளில் E967 என்ற எண்ணிலும் ஒளிந்திருக்கும். அப்புறம், பொங்குவதற்கு மூடிவைத்த ஈஸ்ட் மாவு. நாயின் வயிற்றுச் சூட்டில் அது தொடர்ந்து பொங்கும், கூடவே சாராயமும் ஊறும். வயிறு உப்பி, போதையில் தடுமாறி வந்த நாயைப் பார்த்து அதன் சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அலங்காரப் பொருட்களில் ஜிகினா இழை, ரிப்பன் எல்லாமே நூலின் உறவுக்காரர்கள்தான். உப்பு மாவில் செய்து காயவைக்கும் பொம்மைகளை நாய் மென்றால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரும். பறவை வளர்ப்பவர்கள் நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் மறந்துவிடக் கூடாது. அளவுக்கு மீறிச் சூடான பூச்சிலிருந்து வரும் புகை நமக்கு வாசனையாகக்கூடத் தெரியாது, பறவை சில நிமிடங்களில் செத்துவிடும்.

ஆனால் பூனை இருக்கும் வீட்டில் நான் கறாராகத் தடை போடுவது ஒன்றுக்குத்தான்: லில்லிப் பூ. இலை, இதழ், பூச்சாடித் தண்ணீர், எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். பூனை பூவைக் கடிக்கவே வேண்டியதில்லை. பக்கத்தில் உரசிப்போகும், முதுகில் ஆரஞ்சு நிறத்தில் மகரந்தம் ஒட்டும், சாவகாசமாக உட்கார்ந்து நக்கும். அவ்வளவு போதும். முதல் நாள் லேசான வாந்தியோடு தெளிந்ததுபோலவும் இருக்கும், அதை நம்பிவிடாதீர்கள். சில மணி நேரத்துக்குள் வந்தால் டிரிப்ஸ் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. சிறுநீர் நின்றபின் வந்தால் எங்கள் கையில் அதிகம் இல்லை.

இதில் எது நடந்தாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே தனி விஷமாகிவிடும். எத்தனை மணிக்கு, எவ்வளவு, பிராணியின் எடை என்ன என்பதை ஃபோனிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பாக்கெட்டையும் எடுத்து வாருங்கள். குப்பையில் போட்டிருந்தால் கிளறி எடுத்தாவது கொண்டு வாருங்கள், கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அந்தப் பின்பக்க லேபிள்தான் வேண்டும்.