குப்பை வண்டி வராத ஊர்: கமிகட்சுவின் 45 வகைப் பிரிப்பு எப்படி நடக்கிறது?

ஜப்பானின் ஷிகோகு தீவில், டொகுஷிமா மாகாணத்து மலைகளுக்குள் இருக்கிற சின்ன ஊர் கமிகட்சு. மக்கள்தொகை 1,500க்கும் குறைவு, அதில் பாதிப் பேராவது 65 வயதைத் தாண்டியவர்கள். இந்த ஊரில் குப்பை வண்டி கிடையாது. வீட்டில் சேர்வதை அவரவரே கழுவி, காயவைத்து, பிரித்து, ஊருக்குப் பொதுவான ஒரே நிலையத்துக்குக் கொண்டுபோய் அதற்குரிய பெட்டியில் போட வேண்டும். 2016இல் பிரிவுகள் 45 ஆகின. வயதானவர்களிடம் போய் இதையா எதிர்பார்ப்பது என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது.

ஊர்க்காரர்கள் பிறவியிலேயே பொறுப்பானவர்கள் என்பதெல்லாம் கிடையாது. 1990களில்கூட அங்கே குப்பையைத் திறந்தவெளியில் கொட்டி எரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1998இல் சிறிய எரியூலைகள் வைத்தார்கள், குப்பையை எரிக்கும்போது உண்டாகும் டயாக்சின் நச்சுக்கு எதிரான சட்டம் இறுகியதும் கொஞ்ச காலத்திலேயே அவற்றையும் மூட வேண்டியதாயிற்று. பெரிய உலை கட்ட ஊர் நிர்வாகத்திடம் பணம் இல்லை. எரிப்பதைக் குறைப்பதைத் தவிர வழியில்லாமல் 2001 வாக்கில் 30க்கும் மேற்பட்ட பிரிவுகளாகப் பிரிக்க ஆரம்பித்தார்கள். குப்பையே இல்லாத ஊராவோம் என்று 2003இல் அறிவித்தார்கள், ஜப்பானில் அப்படி அறிவித்த முதல் ஊர் இதுதான். எதிர்ப்பும் இருந்தது, அதிகாரிகள் ஊர்க்கூட்டம் போட்டுத் திரும்பத் திரும்ப விளக்கித்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

சரி, விதி என்ன? சமையலறைக் கழிவு நிலையத்துக்கே வரக்கூடாது, வீட்டிலேயே உரமாக்க வேண்டும், அதற்கான கருவி வாங்க நிர்வாகம் மானியம் தரும். சின்ன விஷயம் மாதிரி தெரிந்தாலும் முழுத் திட்டத்துக்கும் அச்சாணி இதுதான், ஏனென்றால் அழுகுவதை எடுத்துவிட்டால் மிச்சக் குப்பை நாறாது, வாரக்கணக்கில் வீட்டில் வைத்திருந்து சாவகாசமாகக் கொண்டுபோகலாம். சொந்த வண்டி இல்லாத முதியவர்களின் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து எடுத்துப்போவார்கள்.

ஒரு காரியத்தை மனிதர்கள் செய்வதும் செய்யாததும் மூன்று விஷயங்களைப் பொறுத்தது என்று உளவியலாளர் ஐசக் அய்சன் 1991இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார்: அதைப் பற்றி நமக்குள்ள எண்ணம், சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது, நம்மால் முடியும் என்கிற நம்பிக்கை. பெரும்பாலான விழிப்புணர்வுப் பிரசாரங்கள் முதலாவதையே பிடித்துத் தொங்குகின்றன. கமிகட்சு கை வைத்தது மற்ற இரண்டிலும். எது எந்தப் பெட்டிக்கு என்று குழம்பினால் நிலையத்து ஊழியர் கூட நின்று சொல்லித்தருவார். பெட்டிகளின் மேல் பலகை இருக்கும்: இந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, இதனால் ஊருக்கு எத்தனை யென் வரவு அல்லது செலவு. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே லாரியில்தானே கொட்டப்போகிறார்கள் என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் அவர் பிரிக்கவே மாட்டார், அந்தச் சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஊர்க்கண். 1,500 பேர்கூட இல்லாத இடத்தில் நிலையத்துக்கு யார் வந்தாலும் தெரிந்த முகம், கழுவாத பாட்டிலை நீட்டக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் வெட்கம் மட்டும் இருந்தால் இரவில் ஆற்றோரம் கொட்டிவிட்டு வருகிறவர்களும் முளைப்பார்கள். இங்கே நிலையமே ஆட்கள் சந்தித்துப் பேசுகிற இடமாகவும் இருக்கிறது. பக்கத்திலேயே 'குருகுரு' கடை: தனக்கு வேண்டாத நல்ல பொருளை ஒருவர் வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். தனியாக வாழும் முதியவருக்கு வெளியே வர இது ஒரு சாக்கு. சில பொருட்களைப் பிரித்துக் கொடுத்தால் புள்ளிகள் சேரும், அதற்குப் பரிசும் உண்டு, ஆனால் மக்களை வரவைப்பதில் இந்தப் பேச்சுத் துணைக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

இப்போது கமிகட்சுவின் குப்பையில் சுமார் 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது, ஜப்பானின் சராசரி 20 சதவீதத்தை ஒட்டியது. எரிப்பதையும் புதைப்பதையும் 2020க்குள் பூச்சியமாக்குவோம் என்றது மட்டும் நடக்கவில்லை. மிஞ்சிய 20 சதவீதத்தில் இருப்பவை டயப்பர், சானிட்டரி நாப்கின், பல பொருட்களை ஒட்டிச் செய்த காலணி மாதிரியானவை. இவற்றை எவ்வளவு கழுவினாலும் போட ஒரு பெட்டி இல்லை, தயாரிக்கிற நிறுவனம் செய்முறையை மாற்றினால்தான் உண்டு.