ஃபீனாலைத் தின்னும் மணிகள்

"ஃபீனாலைச் சிதைக்கும் பாக்டீரியா இருக்கிறதென்றால், கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றிவிட வேண்டியதுதானே? எதற்கு மணிக்குள் அடைக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஃபீனால் ஆலைக் கழிவில் வரும் நச்சுப்பொருள்; மணி என்பது பாக்டீரியாவை அடைத்த சிறு கூழ் உருண்டை. பாக்டீரியாவை அப்படியே ஊற்றலாம்; நிற்காது. தொட்டியில் நீர் வந்துபோகும் வேகம் பாக்டீரியா பெருகும் வேகத்தை மிஞ்சினால் அத்தனையும் நீரோடு போய்விடும்; மணிக்குள் அடைத்தால் தங்கும். "தூவினால் போதும்" என்று விற்கப்படும் நுண்ணுயிர்ப் பொடிகள் பலவும் இதற்குப் பதில் சொல்வதில்லை. என் கணக்கில் அது தாயத்து வியாபாரம்தான்.

செய்முறை எளிது. 100 மி.லி. நீரில் 3 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டை (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். குமிழிகள் அடங்கியதும் ஃபீனாலைச் சிதைக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் புட்டிடாவின் செல்களைக் கலந்து, ஊசிக்குழலால் 2% கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டவிட்டால் ஒவ்வொரு சொட்டும் உருண்டையாக உறையும். ஓரிரு மணி நேரம் ஊறவிட்டுக் கழுவலாம். மணிகளுக்கு வால் முளைத்தால் கரைசல் கெட்டி என்று பொருள்.

உண்மையான வேலை மணிக்குள் நடக்கிறது. அங்கே கலக்கிவிட ஆளில்லை, எல்லாமே விரவலால்தான் (செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவுவது) நகர வேண்டும். விரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆக்சிஜன் 0.1 மி.மீ. கடக்க சுமார் 2.5 விநாடி, 1 மி.மீ. கடக்க 4 நிமிடத்துக்கு மேல். வழியிலேயே பசித்த செல்கள் அதைத் தீர்த்துவிடுவதால், நெருக்கமாக செல்கள் நிறைந்த மணியில் 0.1 அல்லது 0.2 மி.மீ. ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் அநேகமாக இராது. 0.1 மி.மீ. என்றே வைத்துக்கொள்வோம்: 4 மி.மீ. விட்டமுள்ள மணியில் கனஅளவின் 14% மட்டுமே உழைக்கிறது, 1 மி.மீ. மணியில் 49%. ஆகவே மணி சிறுத்தால் நல்லது.

ஒரு கிராம் ஃபீனாலை முழுதாக எரிக்க 2.4 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் நீரில் கரைவதோ லிட்டருக்கு 8 மி.கி. சொச்சம், அது 3.5 மி.கி. ஃபீனாலுக்குத்தான் போதும். ஆக ஆக்சிஜன்தான் முதலில் தீர்கிறது. மணிக்குள் ஃபீனால் செறிவு லிட்டருக்குச் சில மி.கி. இறங்குவதோடு சரி. "கூழ் கவசம்போல் காக்கிறது" என்று எல்லோரும் எழுதுவது பாதி உண்மை: நச்சான ஃபீனாலின் திடீர் ஏற்றத்தைச் சில நிமிடம் தாமதப்படுத்தும், அவ்வளவே. பெரிய பலன் வேறு. அடி வாங்கிய பிறகும் மிஞ்சிய செல்கள் அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே பெருகுகின்றன.

மணிகள் ஊதி, மெத்தென்றாகிக் கரைந்தால் பாஸ்பேட்டைச் சந்தேகியுங்கள். செல்களின் சத்துக்காக நாம் சேர்க்கும் அதுவே, கூழைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். சோடியம் மிகுந்த உப்புக் கழிவும் அப்படியே. பாஸ்பேட்டைக் குறைத்து, நீரில் கொஞ்சம் கால்சியம் குளோரைடு வைத்திருப்பது தற்காலிகத் தீர்வு. நீண்ட ஓட்டத்துக்குப் பாலிவினைல் ஆல்கஹால் மணிகள் உறுதியானவை. ஆனால் அவற்றை உறைய வைக்கும் போரிக் அமிலம் செல்களைக் கொஞ்சம் வதைக்கும். ஆய்வகத்தில் தூய ஃபீனால் கரைசலில் சில நாள் ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, நிஜக் கழிவுநீரில் மாதக்கணக்கில் ஓட்டுவதற்குக் கொடுத்தால் இந்தக் கோளாறுகள் முன்பே வெளிப்படும்.

வெளியேறும் நீரில் ஃபீனால் இல்லையென்று வந்தாலும் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால், ஃபீனால் சிதையும் வழியில் உண்டாகும் கேட்டகாலின் வளையம் உடைந்து, ஹைட்ராக்சிமியூகானிக் செமிஆல்டிஹைடு என்ற மஞ்சள் இடைப்பொருள் தேங்கியிருக்கலாம். சிஓடி சோதனையும் (நீரில் மிஞ்சிய கரிமப்பொருளை எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளப்பது) செய்து, காற்றோட்டத்தைக் கூட்டிய பிறகே நீரைத் திறந்துவிட வேண்டும்.