பெயர் சொல்லும் நெற்றி எலும்பு

"தீ விபத்தில் முகம் முழுவதும் சிதைந்துபோன ஒருவரை, தலையை ஸ்கேன் செய்தே அடையாளம் கண்டார்கள் என்று படித்தேன். மூளையின் படத்தை வைத்து ஆளை எப்படிச் சொல்ல முடியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மூளையை வைத்து யாரும் ஆளைச் சொல்வதில்லை. இறந்த பிறகு சீக்கிரமே குலைந்து கூழாகிவிடும் உறுப்புகளில் மூளையும் ஒன்று. மருத்துவர்கள் தேடுவது எலும்பை. இன்னும் சரியாகச் சொன்னால், எலும்புக்குள் எலும்பே இல்லாத ஓர் இடத்தை.

சி.டி. ஸ்கேன் வேலை செய்யும் விதம் பலருக்கும் தெரிந்ததுதான். எக்ஸ்ரே குழாய் தலையைச் சுற்றி வரும். ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் ஊடுருவி வந்தது என்பதை வைத்து, உள்ளே இருப்பதைக் கணினி அடுக்கடுக்காக வரைந்து தரும். 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இப்படிப் படம் எடுத்தபோது, எடுத்ததும் தலையைத்தான். கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே அதன் அளவுகோலும் வழங்குகிறது. அதில் நீருக்கு 0, காற்றுக்கு −1000, கெட்டியான எலும்புக்கு 1000ஐ ஒட்டியும் அதற்கு மேலும். ஆகவே எலும்பும் காற்றும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் எல்லைக்கோடு கத்தியால் கீறியதுபோல் விழும். உயிரோடு இருப்பவருக்குக் கதிரின் அளவைக் குறைத்தாக வேண்டும். இறந்தவருக்கு அந்தக் கவலையும் இல்லை, அசைவும் இல்லை. அரை மில்லிமீட்டர் அடுக்குகளாகக்கூட எடுக்கலாம், அதுவும் உடலை வைத்த பையைத் திறக்காமலேயே.

அந்தப் படத்தில் முதல் மரியாதை பற்களுக்குத்தான். அடைத்த பல், வேர் சிகிச்சை செய்த பல், பிடுங்கிய பல்லின் இடம் எல்லாமே சாட்சிகள். பல் மருத்துவரிடம் பழைய பதிவு இருந்தால் வேலை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் பல்லுக்கு மேலே, புருவங்களுக்குப் பின்னால் இருக்கும் ஒன்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்லித் தீராது.

நெற்றி எலும்பு ஒற்றைத் தகடு அல்ல. வெளித்தகடு, உள்தகடு என இரண்டு. அவற்றுக்கு நடுவே இரண்டு காற்றறைகள் இருக்கின்றன. சைனஸ் தொல்லை வரும்போது புருவத்துக்கு மேல் வலிக்கிறதே, அதே இடம். பிறந்த குழந்தையின் எக்ஸ்ரேயில் இந்த அறைகளைத் தேடினால் கிடைக்காது. மூக்கின் உட்புறச் சளிப்படலம் மெல்ல மேல்நோக்கி முளைவிட்டு, எதிர்ப்படும் எலும்பைக் கரைத்துக் கரைத்து வழி செய்துகொண்டு நெற்றிக்குள் நுழைகிறது. ஏழெட்டு வயதில்தான் அது படத்தில் தெரியத் தொடங்கும். பருவ வயதில் வேகமாகப் பரவி, இருபது வயதை ஒட்டி நின்றுவிடும். இதில் அழகு என்னவென்றால், இடது அறையும் வலது அறையும் தனித்தனியே வளர்கின்றன; ஒன்றின் போக்கு மற்றதைக் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு பக்கம் உயரமாக ஏறியிருக்கும், மறுபக்கம் குட்டையாக நின்றிருக்கும். நடுச்சுவர் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மேல் விளிம்பு மேகத்தின் ஓரம்போல் வளைவு வளைவாகப் போகும். எத்தனை வளைவு, எது பெரிது, எங்கே பள்ளம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

இதை எழுதும் முன் என் பழைய சைனஸ் எக்ஸ்ரேயைத் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் மூன்று மேடுகள். வலப்பக்கம் ஒன்றே ஒன்று, தாழ்வாக. தலைவலிக்காக எடுத்த படம். என்னை யாரென்று சொல்ல அந்தக் கோடு போதும்.

தலையெழுத்து என்று பேசுகிறோம். பிறக்கும்போதே நெற்றியில் எழுதியாகிவிட்டது என்று நம்பி, முயற்சியையே கைவிட்டவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். நெற்றி எலும்புக்குள் உண்மையாகவே இருக்கும் இந்தக் கோடு பிறக்கும்போது இல்லை. இருபது ஆண்டுகள் வளர்ந்து வளர்ந்து உருவானது அது.

சரி, ஒப்பிடுவது எப்படி? குடும்பத்தாரிடம் இருப்பது பெரும்பாலும் பழைய எக்ஸ்ரே படம், அதாவது வெறும் நிழல். ஒரு கரண்டியை விளக்குக்கும் சுவருக்கும் நடுவே பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கரண்டி அதேதான், நிழல் மட்டும் நீள்கிறது, குறுகுகிறது, கோடாகிவிடுகிறது. அதுபோலவே தலையைக் கொஞ்சம் அண்ணாந்து எடுத்த படத்தில் காற்றறையின் உயரமே மாறிவிடும். முன்பெல்லாம் மண்டையோட்டை இப்படியும் அப்படியும் சாய்த்து, பழைய படத்தின் கோணம் வரும்வரை திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. இப்போது சி.டி. தருவது முப்பரிமாண உரு. கணினித் திரையில் அந்தத் தலையைப் பாகை பாகையாகத் திருப்பி, கற்பனைக் கதிரொன்றை அதனூடே செலுத்தி, புதிய நிழலை உண்டாக்கலாம். திருப்பத் திருப்ப விளிம்பு நகர்கிறது. ஒரு கோணத்தில் மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் போய்ப் பொருந்தி நிற்கிறது. என்றோ ஒரு நாள் எக்ஸ்ரே அறையில் அந்த மனிதர் எப்படித் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார் என்பதைக்கூட அந்தக் கோணம் சொல்லிவிடுகிறது.

யோசனை பழையது. 1921இலேயே ஆஸ்திரிய எக்ஸ்ரே மருத்துவர் ஆர்தர் ஷூலர் இதை முன்மொழிந்தார். 1927இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் ஓர் உடலைச் சைனஸ் படங்களைக் கொண்டு அடையாளம் கண்டதை வெளியிட்டார்கள். சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர் கென்னடியின் பிரேதப் பரிசோதனை எக்ஸ்ரேக்கள் அவருடையவைதானா என்ற சந்தேகம் எழுந்தபோது, 1970களின் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்காக மானுடவியல் அறிஞர்கள் அவர் உயிரோடு இருந்தபோது எடுத்த படங்களோடு அவற்றை ஒப்பிட்டார்கள். அப்போதும் நெற்றிக் காற்றறை பேசியது. படங்கள் அவருடையவையே என்று உறுதியானது.

எல்லாருக்கும் இது உதவாது. சிலருக்கு இந்த அறைகள் உருவாவதே இல்லை. சிறு குழந்தைகளுக்குப் பயனில்லை. அறுவை சிகிச்சையும் எலும்பு முறிவும் வடிவத்தை மாற்றும்; அப்போது வேறுபாட்டுக்குக் காரணம் காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். காரணம் காட்ட முடியாத ஒரு வேறுபாடு இருந்தாலும் அது வேறு ஆள். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கிறது என்று நிபுணர் சொல்வது மட்டும் போதாது. தவறு எத்தனை முறை நேர்கிறது என்பதும் தெரிய வேண்டும். தடயவியல் ஒப்பீடுகள் பலவற்றில் தவறின் அளவு இப்படிப் போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்று 2009இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை கடுமையாகச் சொன்னது. ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் சலிப்பூட்டும் ஆய்வுக்குப் பணம் தர யாரும் முந்துவதில்லை. புதிய கருவி வாங்கக் காட்டும் ஆர்வத்தில் கொஞ்சம் இதற்கும் வேண்டும். பழைய படங்களை அழிக்காமல் சேமிக்கும் செலவையும் ஆராய்ச்சிச் செலவாகவே நான் எண்ணுகிறேன்.

அதே வாசகர் கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: "ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையராக இருந்தால்?" வழக்கமான டி.என்.ஏ. சோதனை அவர்களைப் பிரித்துச் சொல்லாது. நெற்றிக் காற்றறை பிரித்துச் சொல்லும். மரபணு ஒன்றே ஆனாலும், சளிப்படலம் எலும்பைக் கரைத்துக்கொண்டு போன வழி இருவரிடமும் வேறு வேறு.