கலெக்டரில் வரைபடக் கோடு ஓடுகிறது என்பதால் கணக்கு சரியாகிவிடாது

ரவுட்டர் அனுப்பும் ஃப்ளோ பதிவுகள் (யார் யாரோடு எப்போது, எவ்வளவு டேட்டா பரிமாறினார் என்ற குறிப்புகள்) அவற்றைச் சேகரிக்கும் கலெக்டர் என்ற மென்பொருளுக்கு வந்துகொண்டே இருந்தும் கணக்கு தப்பாகிப்போன இடம், இந்த வருடம் இது மூன்றாவது. அதனால்தான் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு. பேக்கப் சர்வரிலிருந்து மூன்று இரவுகளில் ஏறத்தாழ 300 ஜிபி வெளியே போயிருக்கிறது, ஓர் அலாரம்கூட அடிக்கவில்லை. ஓர் இரவில் ஒரு சர்வர் 5 ஜிபியைத் தாண்டினால் எச்சரிக்கை வர வேண்டும் என்று விதி போட்டுத்தான் வைத்திருந்தார்கள், ஆனால் கலெக்டர் கணக்குப்படி அது அனுப்பியது இரவுக்கு வெறும் 100 எம்பி. எட்டு மாதத்துக்கு முன் எட்ஜ் ரவுட்டரை (நிறுவனத்தை இணையத்தோடு இணைக்கும் பெட்டியை) மாற்றியிருக்கிறார்கள். பழையது எல்லாப் பாக்கெட்டையும் (டேட்டாவின் சின்னத் துண்டு) எண்ணியது, அதாவது சாம்பிளிங் கிடையாது; புதியது ஆயிரத்துக்கு ஒரு பாக்கெட்டை மட்டும் எண்ணுகிறது, அந்த விகிதம் தெரிந்தால்தான் கலெக்டர் பெருக்கிக்கொள்ள முடியும். மாற்றிய அன்றே வரைபடம் பொத்தென்று விழுந்திருக்கிறது. "புதுப் பெட்டி வந்ததும் டிராஃபிக் குறைஞ்சிடுச்சுன்னு நினைச்சோம் சார்" என்றார் அங்கிருந்த தம்பி. அவரைக் கடிந்துகொள்ள மனசு வரவில்லை. பெட்டியை மாட்டிவிட்டுப் போனவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

கலெக்டரில் பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து நாற்பது நிமிடம் பார்த்தோம். செட் எண் 2, அதாவது பதிவில் எந்தப் புலம் எந்த வரிசையில் வரும் என்று சொல்லும் சாதாரண டெம்ப்ளேட், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வந்தது. செட் எண் 3, அதாவது ஆப்ஷன்ஸ் டெம்ப்ளேட், ஒருமுறைகூட வரவில்லை. சாம்பிளிங் விகிதத்தைச் சொல்வதே அதுதான். ரவுட்டர் கட்டமைப்பில் ஒரே ஒரு வரி விடுபட்டிருந்தது.

எனக்கு எரிச்சல் வருவது இதற்கு அடுத்து எல்லா இடத்திலும் கேட்கும் கேள்வியில்தான், ஃப்ளோ பதிவுகளை அனுப்பும் பொது முறையான ஐபிஃபிக்ஸைப் பற்றி. "ஐபிஃபிக்ஸ் தரநிலைதானே சார், எந்த ரவுட்டர் அனுப்பினாலும் எந்தக் கலெக்டருக்கும் புரியுமே?" புரியும், சொன்னால். தரநிலை வகுத்திருப்பது எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை. எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று உங்கள் ரவுட்டருக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும். அதற்கு முந்தைய முறையான பழைய நெட்ஃப்ளோ 5-இல் பதிவு என்றால் 48 பைட், புலங்கள் மாறவே மாறாது, சாம்பிளிங் விகிதத்துக்கு ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலேயே இடம் இருந்தது. ஐபிவி6 என்ற புதிய முகவரி முறைக்குத்தான் அதில் இடமில்லை. 9-ஆம் பதிப்பு டெம்ப்ளேட்டைக் கொண்டுவந்தது. இணையத் தரநிலைகளை வகுத்து ஆர்எஃப்சி என்ற எண்ணிட்ட ஆவணங்களாக வெளியிடும் ஐஇடிஎஃப் அதை அடித்தளமாக எடுத்துக்கொண்டு 2008-இல் ஆர்எஃப்சி 5101 ஆகவும், 2013-இல் ஆர்எஃப்சி 7011 ஆகவும் ஐபிஃபிக்ஸை வெளியிட்டது. நெகிழ்வு கிடைத்தது, கூடவே பொறுப்பும் நம் தலையில் வந்தது. 2004-இல் வந்த தேவைகள் ஆவணமான ஆர்எஃப்சி 3917-ஐ எடுத்துப் பாருங்கள், சாம்பிளிங் அமைப்பு மாறினால் பதிவுகளைப் பெறுகிற ஒவ்வொரு கலெக்டருக்கும் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே எழுதிவைத்திருக்கிறார்கள். இதே சிக்கலை யாரோ இருபது வருடத்துக்கு முன்பே யோசித்து எழுதிவைத்தும் நாம் படிக்காமல் இருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, செய்யவேண்டியதற்கு வருகிறேன். ரவுட்டர் மாற்றிய அன்று, வீட்டுக்குப் போகும் முன், கலெக்டரின் ஒரு மணி நேரக் கணக்கை எஸ்என்எம்பி இன்டர்ஃபேஸ் கவுன்ட்டரோடு (ரவுட்டரின் ஒவ்வொரு போர்ட்டும் கடந்துபோன பைட்டுகளைத் தானே எண்ணிவைக்கும் கணக்கோடு) ஒப்பிடுங்கள். ஃப்ளோ கணக்கில் ஈதர்நெட் தலைப்பு சேராது, அதனால் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பத்து மடங்கு, ஆயிரம் மடங்கு குறைந்தால் விகிதம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இதற்குப் பதினைந்து நிமிடம் போதும், நேரமில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யூடிபி முறையில் அனுப்புகிறீர்களா? அப்படியானால் டெம்ப்ளேட்டை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். கலெக்டரை ரீஸ்டார்ட் செய்தால் அடுத்த டெம்ப்ளேட் வரும்வரை வருகிற பதிவுகள் அதற்கு வெறும் பைட்டுகள், பெரும்பாலான கலெக்டர்கள் அப்படியே எறிந்துவிடும். ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரும் வரிசை எண்ணில் விழும் இடைவெளியையும் கண்காணியுங்கள். நெட்ஃப்ளோ 9-இல் அது பாக்கெட்டை எண்ணும், ஐபிஃபிக்ஸில் பதிவுகளை எண்ணும், அதனால் எத்தனை பதிவுகள் தொலைந்தன என்றே தெரிந்துவிடும். ஆக்டிவ் டைம்அவுட் (இன்னும் முடியாத இணைப்பின் பதிவை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அனுப்புவது என்ற அளவு) 30 நிமிடத்தில் கிடந்தால் 1 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் நீண்ட இணைப்பு ஒன்றில் திருட்டு நடந்தால் அரை மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். எல்லாப் பெட்டியும் கடிகாரத்தைச் சரியாக வைக்க ஒரே என்டிபி நேர சர்வரைப் பார்க்கட்டும். அப்புறம், இந்தப் பதிவுகளைத் திறந்த இணையத்தின் வழியே அனுப்பாதீர்கள். யார் யாரோடு எப்போது பேசினார் என்பது முழுக்க அதில் இருக்கிறது.

அந்த நிறுவனத்தில் வரியைச் சேர்த்த இரண்டாவது நிமிடமே செட் 3 வந்தது, வரைபடம் ஏறி நின்றது. "எட்டு மாதப் பழைய கணக்கையும் ஆயிரத்தால் பெருக்கிவிடலாமா சார்?" என்று கேட்டார்கள். பெரிய பரிமாற்றங்களின் மொத்தம் ஓரளவு சரியாக வரும், செய்யுங்கள் என்றேன். ஆனால் நாலைந்து பாக்கெட்டில் முடிந்துபோன சின்ன இணைப்புகளில் பெரும்பாலானவை சாம்பிளில் விழுந்தே இருக்காது, அவற்றைப் பெருக்க அங்கே ஒரு எண்ணே கிடையாது. அந்த சர்வருக்குள் முதலில் நுழைந்தவர் எந்த முகவரியிலிருந்து வந்தார் என்பதைத்தான் இப்போது அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.