முருகனைக் குளிப்பாட்ட வந்த ஆறு

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து வகுப்புகள் தொடங்கியதும், கண்ணால் கண்டதை ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னேன். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: ‘குறுக்குத்துறை முருகனைக் குளிப்பாட்ட ஆறு தானே மேலேறி வந்தது.’ இன்னொரு மாணவன்: ‘தாமிரபரணி கோபத்தில் சீறியது.’

இரண்டையும் வகுப்பில் வாசித்தேன். “மேடம், ரெண்டுமே தற்குறிப்பேற்றம்லா?” என்றான் ஒருவன்.

குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள் இருக்கிறது. பெருவெள்ளம் வந்தால் முங்கத்தான் செய்யும். இயல்பாக நடக்கும் அதன்மேல் அவள் தன் மனத்திலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்கிறாள். அது தற்குறிப்பேற்றம். அடுத்த வரியில் ஆற்றுக்கு மனித உணர்ச்சி தரப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எழுதுகிறவன் கண்ட காரணம் எதுவும் அதில் இல்லை.

பெயரைச் சொன்னால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். நம் பிள்ளைகளில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. அணியின் பெயர் தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த இடத்தில் அது என்ன வேலை பார்க்கிறது? மாணவியின் வரி, பயந்துபோன ஊருக்கு ஆற்றை மறுபடியும் சொந்தக்காரியாக்குகிறது. ‘கோபம்’ என்ற சொல்லோ பழி முழுவதையும் ஆற்றின் தலையில் போடுகிறது. குளங்கள் உடைந்ததும் ஓடைகள் அடைபட்டுக் கிடந்ததும் அந்த வாக்கியத்துக்குள் வரவே வழியில்லை. செய்தித் தலைப்புகளில் ‘இயற்கையின் சீற்றம்’ என்று பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உவமைக்கு வருவோம். அது தோன்றும் வழி நான்கு என்கிறது தொல்காப்பியம்: வினை, பயன், மெய், உரு. செயலால், பயனால், வடிவத்தால், நிறத்தால் என்று புரிந்துகொள்ளலாம். எந்த உவமையைக் கண்டாலும் இந்த நான்கில் எதன்மேல் நிற்கிறது என்று கேளுங்கள். அன்று வந்த கட்டுரைகளில் ‘தாய் போன்ற தாமிரபரணி’ பல தடவை வந்தது. ஊட்டி வளர்க்கிறாள் என்ற பயனில் நிற்கும் உவமை. சரி, அடுக்களைக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில் அதே தொடரை எழுதினால் அந்தப் பயன் எங்கே போயிற்று? பழக்கத்தில் கை எழுதிவிட்டது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த நான்கு சொற்களும்.

‘போல’ மறைந்து இரண்டும் ஒன்றே என்றாகிவிட்டால் உருவகம். ‘தெருவெல்லாம் வெள்ளக்காடு’ என்று எல்லோரும்தான் சொன்னோம். வெள்ளமாகிய காடு. இலக்கணம் படிக்காத ஆச்சி வாயிலும் அது வந்தது.

ஆகுபெயரும், அதாவது ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவதும், அப்படித்தான். ‘ஊரே மொட்டை மாடியில் நின்றது’ என்றால் நின்றது ஊர் மக்கள். ‘டவுனுக்குப் போய்க் கால் கிலோ வாங்கிட்டு வா’ என்றால் எங்கள் பக்கத்தில் அது அல்வா என்று சொல்லவே வேண்டாம். அளவு பொருளுக்கு ஆகி வந்திருக்கிறது.

அப்புறம், நன்னூல் சொல்லும் மங்கலம்: நல்லதல்லாத செய்தியை நல்ல சொல்லால் சொல்வது. செத்தாரைத் துஞ்சினார் என்பது அதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. துக்க வீட்டில் அது மரியாதை. ஆனால் வேலையை விட்டுத் துரத்தப்பட்டவரைப் ‘பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்’ என்று ஒரு கடிதம் எழுதும்போதும் இதே உத்திதான் வேலை செய்கிறது. அங்கே அந்த மென்மை யாரைக் காப்பாற்றுகிறது என்று பார்க்க வேண்டும்.

அணி என்றாலே மிகைப்படுத்துவது என்ற எண்ணம் மாணவர்களிடம் ஆழமாக இருக்கிறது. ‘வானமே பிய்த்துக்கொண்டு கொட்டியது’ என்பது உயர்வு நவிற்சி. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் 35 பொருளணிகளில் முதலில் நிற்பதோ தன்மை. உள்ளதை உள்ளபடி, கேட்பவர் கண்முன் நிற்கும்படி சொல்வது. அதையும் அணி என்றே நம்மவர்கள் எண்ணினார்கள், அதுவும் முதல் அணியாக. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

‘கோபத்தில் சீறியது’ என்று எழுதிய மாணவன் அடுத்த வாரம் வேறொரு தாள் கொண்டுவந்தான். அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘கருக்கலில் முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். விடியும்போது திண்ணை தெரியவில்லை. அம்மா அரிசிப் பானையைத் தூக்கிப் பரணில் வைத்தாள். பிறகு என் சான்றிதழ்களை. பிறகுதான் தன் செருப்பைத் தேடினாள்.’

ஓரத்தில் ‘தன்மை’ என்று எழுதிக் கொடுத்தேன்.